கடலோரக் கோல்ப் மைதானத்தில் முதல் நாள்: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினர்களின் பெட்டிகளுக்கு நடுவே, ஆளின் தோள் உயரத்துக்கு ஒரு நீளப்பையும் இப்போது வந்திறங்குகிறது. உள்ளே கோல்ப் மட்டைகள். தேரும் தீர்த்தமும் முடிந்த பிறகு சித்தப்பா மெல்லப் பேச்செடுப்பார்: “திருகோணமலைக்கு ஒருநாள் போய் விளையாடிவிட்டு வருவோம், நீயும் வா.” கூடப் போகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த பச்சைப் புல்லும், சத்தம் குறைத்துப் பேசும் வர்ணனையாளர்களும்தான். அப்படிப் புறப்படுகிறவர்களுக்கு எழுதுகிறேன். பயிற்சியாளர் சொல்லித்தர வேண்டியதை நான் சொல்லித்தர முடியாது. முதல் நாளில் தடுமாறாமல், பிறரையும் தடுமாற வைக்காமல் ஆடிமுடிக்க என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதியோடு சேர்ந்த கடலோர, ஏரிக்கரை மைதானங்களில் எந்த இடத்தில் நின்று படம் எடுக்கத் தோன்றுகிறதோ, அந்த இடத்தில்தான் பந்து தொலையும். வடிவமைப்பவர்கள் வேண்டுமென்றேதான் அப்படி அமைக்கிறார்கள். நீரின் ஓரத்தை ஒட்டிக் குழியை வைத்தால் (பந்து விழ வேண்டிய துளையை மட்டுமல்ல, தொடங்கும் மேட்டிலிருந்து அதுவரையான பகுதி முழுவதையும் குழி என்றே சொல்வார்கள்) காட்சியும் கிடைக்கும், சோதனையும் கிடைக்கும். அங்கே மரங்களின் மறைப்பு இல்லாததால் காற்று முழு வேகத்தில் வரும். குழிக்குப் பின்னால் மரமோ மேடோ இல்லாமல் வெறும் கடல் மட்டும் தெரிந்தால், கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. உண்மையைவிடக் கிட்டவே தெரியும். ஆகவே அழகான குழிகளில் அடக்கமாக ஆடுங்கள். பலமாக அடிக்கும் ஆசையை, பார்க்க ஒன்றுமில்லாத குழிகளில் தீர்த்துக்கொள்ளலாம்.

எங்கே போவது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 18 குழி மைதானம் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல ஒன்றுமில்லாத, அதுவும் மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற நிலம் இது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பித்தான் நம் கிணறுகள் இருக்கின்றன. கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உவர்நீர் ஏறிவிடும். கோல்ப் புல்லோ கோடை முழுவதும் தண்ணீர் கேட்கும். அதை வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் விட்டுவிட்டு, நாம் பயணம் போவதே நல்லது.

கிட்ட இருப்பது திருகோணமலை. சீனக்குடாவில் விமானப்படை நடத்துகிற ஈகிள்ஸ் கோல்ப் லிங்க்ஸ், 18 குழி மைதானம். திருகோணமலைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்பு அந்த வட்டாரத்துக்கே தனி அழகு. ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் நிற்கும் சீனக்குடாவும் இதுதான். தங்குவதற்கு மார்பிள் பீச் பக்கம் விமானப்படையின் விடுதி இருக்கிறது. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளும் தூரமில்லை. படையினரின் இடத்தில் பொழுதுபோக்கா என்று நம்மவர்களில் சிலருக்கு மனம் ஒப்பாது. அது அவரவர் முடிவு. போகிறவர்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது கண்டிக்கு அப்பால் திகன பக்கத்தில் இருக்கும் விக்டோரியா. டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்து 1999இல் திறக்கப்பட்டது. மகாவலியை மறித்து 1985இல் திறந்த விக்டோரியா அணையின் நீர்த்தேக்கம் மைதானத்தை அணைத்துக்கொண்டு கிடக்கும். எதிரே நக்கிள்ஸ் மலைத்தொடர். கடல் இல்லை, ஆனால் காட்சிக்குக் குறைவில்லை. நிலம் ஏறி இறங்குவதால் நடப்பவர்களுக்கு மூச்சு வாங்கும்.

முழுமையான வெப்பமண்டல உல்லாச விடுதி மைதானம் என்றால் அம்பாந்தோட்டையில் 2016இல் திறந்த ஷங்ரிலாவைத்தான் சொல்ல வேண்டும். தென்னந்தோப்பு ஒரு பகுதி, முன்பு நீலக்கல் தோண்டிய நிலம் ஒரு பகுதி, கடலை ஒட்டியது ஒரு பகுதி என்று ஒரே மைதானத்துக்குள் நிலம் மாறிக்கொண்டே போகும். சிக்கல் தூரம்தான். யாழ்ப்பாணத்திலிருந்து நாட்டின் மறுமுனைக்குப் போக வேண்டும். கொழும்பு வரை ஒரு நாள், மறுநாள் தெற்கு அதிவேக வீதி என்று பிரித்துக்கொண்டால்தான் உடம்பு தாங்கும். முதன்முதலாக மட்டை பிடிப்பதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருகோணமலையில் ஒருமுறை ஆடி, பிடித்திருந்தால் பிறகு போங்கள்.

நுவரெலியாவிலும் கொழும்பிலும் ஆங்கிலேயர் காலத்து மைதானங்கள் உண்டு. நுவரெலியாவில் குளிர், தென்னையும் கடலும் தேடிப் போகிறவர்களுக்கு அது வேறு உலகம். கொழும்பு றோயல் மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது என்பதை வேடிக்கைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

தொலைபேசியில் கேட்டுவிட வேண்டியவை

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். கோல்பில் ஒவ்வொரு குழுவுக்கும் தொடங்கும் நேரம் ஒதுக்கப்படும். சில நாட்களுக்கு முன்பே அழைத்து, காலையில் கிடைக்கக்கூடிய முதல் நேரங்களில் ஒன்றைக் கேளுங்கள். ஆறரை, ஏழு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பாதி ஆட்டம் முடிந்துவிடும். போட்டியோ விசேட நிகழ்ச்சியோ இருந்தால் வெளியாருக்கு அன்று இடமிருக்காது. அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

கட்டணத்தைக் கேட்கும்போது துண்டு துண்டாகக் கேளுங்கள். மைதானக் கட்டணம், மட்டை வாடகை, பை சுமந்து வழிகாட்டும் கெடியின் கூலி, பக்கி எனப்படும் சிறு வண்டியின் வாடகை ஆகியவை தனித்தனி. “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டால் வருகிற பதிலில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று பணம் கட்டும்போதுதான் தெரியும். உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. கனடாக் கடவுச்சீட்டோடு வருகிற சித்தப்பா எந்தப் பக்கம் சேருவார் என்பதைக் கையோடு கேட்டுவிடுங்கள். 

நீங்கள் புதியவர் என்பதை மறைக்க வேண்டாம். ஆடுகிறவரின் தரத்தைக் காட்டும் ஹண்டிகப் சான்றிதழை எதிர்பார்க்கும் மைதானங்கள் இருக்கின்றன. அது இல்லாமல் போனால் வாசலிலேயே சங்கடம். ஒன்பது குழி மட்டும் ஆடலாமா என்று கேளுங்கள். முதல் நாளுக்கு ஒன்பது தாராளம். பதினெட்டு ஆட நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், புதியவர்கள் சேர்ந்தால் ஐந்தும் ஆகும். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வாடகைக்கு இடது கை மட்டைகள் இருக்கின்றனவா என்று உறுதி செய்யாமல் புறப்பட வேண்டாம். இருப்பதில் மிகக் குறைவாக இருப்பது அதுதான்.

உடுப்பும் பையும்

கழுத்துப்பட்டி வைத்த சேர்ட், துணிக் காற்சட்டை அல்லது முழங்கால் வரையான அரைக்காற்சட்டை. ஜீன்ஸ், கழுத்துப்பட்டி இல்லாத பெனியன், செருப்பு ஆகியவற்றை அநேகமான இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். பெண்களுக்கு விதி சற்றுத் தளர்வு. ஆனாலும் காற்றில் பறக்கும் சால்வையோ அகலக் கையோ வேண்டாம். மட்டை வீசும்போது சிக்கும். கோல்புக்கென்று தனிச் சப்பாத்து வாங்கத் தேவையில்லை. தட்டையான இறப்பர் அடி உள்ள விளையாட்டுச் சப்பாத்து போதும். பனி ஈரம் காலையில் உள்ளே இறங்கும் என்பதால் மாற்றுக் காலுறை ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள்.

கையுறை ஒன்று வேண்டும், வலது கைக்காரருக்கு இடது கையில். நம் காலநிலையில் வியர்வையால் மட்டை வழுக்கும். ஆகவே கையுறையைவிட முக்கியமானது சின்னத் துவாய். பந்துகளைப் புதிதாக வாங்கிப் பணத்தைக் கடலில் கொட்ட வேண்டாம். மைதானத்தில் கண்டெடுத்த பழைய பந்துகளை விற்பார்கள். ஒரு டசின் எடுத்துக்கொண்டால் ஒன்பது குழிக்குக் காணும். பிறகு அகன்ற விளிம்புத் தொப்பி, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் ஒரு போத்தல், வாழைப்பழம். கச்சான் வேண்டாம், கோதைப் புல்லில் கொட்டுவீர்கள்.

ஊரிலேயே பழகக்கூடியவை

நேரே போய் மைதானத்தில் முதன்முதலாக மட்டையைத் தூக்குவதைவிட, இரண்டு வாரம் வீட்டில் பழகிவிட்டுப் போனால் நிம்மதி. அதற்குப் பந்தே வேண்டியதில்லை. உறவினரிடம் ஏழாம் இலக்க அயர்ன் மட்டை ஒன்றை வாங்கி, முற்றத்து மணலில் ஒரு கோடு கீறுங்கள். மட்டையை வீசினால் மணல் கோட்டிலோ கோட்டுக்குச் சற்று முன்னாலோ பெயர வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால், பந்து இருந்திருந்தால் அது மண்ணோடு உருண்டிருக்கும். முழு வீச்சு வேண்டாம், இடுப்பளவு போதும். 

பந்தை மேலே தூக்க முயல்வதுதான் எல்லாப் புதியவர்களும் செய்யும் வேலை. மட்டையின் முகம் ஏற்கெனவே சாய்வாகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் கீழ்நோக்கி அடித்தால் பந்து தானாக எழும். கிரிக்கெட் ஆடியவர்களுக்கு, வடக்கின் பெரும் சமர் என்ற பாடசாலைப் போட்டியிலேயே ஆடியிருந்தாலும், இங்கே ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் இருக்கிறது. தலையை அசைக்காமல் பந்தைப் பார்க்கும் பழக்கம் அப்படியே உதவும். ஆனால் கீழ்க்கையால் வலிந்து இழுக்கும் பழக்கம் பந்தை இடப்பக்கக் காட்டுக்குள் அனுப்பும். வேகத்துக்குக் கிணற்றுத் துலாவைப் பாருங்கள்: தொங்குகிற பாரம்தான் வேலை செய்யும், ஆள் அவசரப்பட்டால் வாளி தடுமாறும். மட்டையின் தலையும் அப்படித்தான். 

உருட்டி அடிப்பதைச் சீமெந்துத் தரையில் பழகலாம். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர், ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டைவிடவும் சிறியது. தரையில் அந்த அளவுக்கு வட்டம் கீறி, மூன்று பாகம், அதாவது ஐந்தரை மீற்றரளவு தூரத்திலிருந்து உருட்டுங்கள். வட்டத்துக்குள் விழ வேண்டும் என்பதைவிட, தாண்டிப் போனாலும் ஒரு முழத்துக்குள் நிற்க வேண்டும் என்று பழகுவது பயன்.

முற்றவெளியிலோ பாடசாலை மைதானத்திலோ உண்மையான கோல்ப் பந்தை அடிக்கவே அடிக்காதீர்கள். 45.93 கிராமுக்கு மேற்படாத சின்னப் பந்துதான். ஆனால் நன்றாகப் பட்டால் மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டிய வேகத்தில் புறப்படும். நடக்கிறவரின் நெற்றியில் பட்டால் உயிர் போகக்கூடும். ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பந்து கிடைக்கும், அதை அடித்துப் பழகுங்கள். அடுத்த வீட்டுக் கண்ணாடியும் தப்பும்.

மைதானத்தில் முதல் அரைமணி

குறித்த நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகப் போய்ச் சேருங்கள். பதிவு, பணம், மட்டை வாங்கல் ஆகியவற்றுக்கு அது சரியாக இருக்கும். வாடகைப் பையில் எத்தனை மட்டைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். விதிப்படி 14க்கு மேல் கூடாது. உங்களுக்கு ஐந்து போதும். உருட்டும் பட்டர், மணலுக்கு ஒரு வெட்ஜ், ஒன்பதாம் ஏழாம் அயர்ன்கள், தூரத்துக்கு ஒரு ஹைப்ரிட். டிரைவர் என்ற பெரிய தலை மட்டை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முதல் நாள் அதைப் பையிலிருந்து எடுக்காமல் இருப்பவர் மற்றவர்களைவிடக் குறைந்த அடிகளில் முடிப்பார்.

கெடியோடு பேசிப் பழகுங்கள். வயதில் மூத்தவரென்றால் அண்ணா, இளையவரென்றால் தம்பி. அந்த நிலத்தைத் தினமும் நடக்கிறவர் அவர். நீங்கள் வாங்கக்கூடிய எந்த உபகரணத்தைவிடவும் அவர் கண் நம்பகமானது. ஒவ்வொரு குழியிலும் இரண்டு கேள்வி கேட்டால் போதும்: “எந்தப் பக்கம் போனால் பந்து தப்பும்?” “கொடி நிற்கும் புல்தரையின் முன் விளிம்புக்கு எவ்வளவு தூரம்?” மொழி தடையாக இருந்தால் கையால் காட்டுவார். தொடக்கத்திலேயே நீங்கள் புதியவர் என்று சொல்லிவிட்டால், முன்னால் போய் நின்று பந்து விழும் இடத்தைப் பார்த்து வைப்பார்.

தொடங்கும் மேட்டில் பல நிறக் குறிகள் இருக்கும். முன்னால் இருக்கும் நிறத்திலிருந்து ஆடுங்கள். பெண்களுக்கு மட்டும் உரியது அது என்ற எண்ணம் பழையது. எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்பதுதான் கணக்கு. கூட வந்த மைத்துனர் பின்மேட்டில் நின்று கேலி செய்வார். மூன்றாவது குழிக்குள் அவரும் முன்னுக்கு வந்துவிடுவார்.

ஒரு குழியை ஆடுவது

ஒவ்வொரு குழிக்கும் பார் என்ற எண் உண்டு: 3, 4 அல்லது 5. தேர்ந்த ஆட்டக்காரர் அத்தனை அடியில் முடிப்பார், அதில் இரண்டு உருட்டலுக்கு. புதியவர் பாரின் இரு மடங்கைத் தன் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். பார் 4 குழியில் எட்டு அடி அடித்தும் முடியவில்லையா, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு நடங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். பின்னால் வரும் குழு நன்றி சொல்லும்.

கடலோரக் குழி ஒன்றுக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் முழுக்க நீர், தூரத்தில் கொடி. முதலில் படத்தை எடுத்துவிடுங்கள், அப்புறம் கைபேசியைச் சத்தம் நிறுத்திப் பைக்குள் போட்டுவிடுங்கள். பிறகு கொடியைப் பார்க்காதீர்கள். நீருக்கு எதிர்ப்பக்கத்தில், ஃபேர்வே எனப்படும் வெட்டிய புல்லின் அகலமான பாகம் எங்கே என்று பாருங்கள். அங்கே ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறியாக எடுத்து, ஏழாம் அயர்னால் முக்கால் வீச்சு. நூறு மீற்றர் போனால் நல்லது, எழுபது போனாலும் பழுதில்லை. பார் 4 குழியை மூன்று நான்கு சின்ன அடிகளில் நெருங்கி, புல்தரையில் இரண்டு உருட்டலில் முடித்தால், நீரைக் குறுக்கே தாண்டப் பார்த்து மூன்று பந்தைப் பறிகொடுத்தவரைவிட நீங்கள் முன்னிலையில் இருப்பீர்கள். 

நீரைத் தாண்டியே ஆக வேண்டிய குழிகளும் இருக்கும். அங்கே தூரத்தைக் கெடியிடம் கேட்டு, உங்கள் வழக்கமான அடி அதைவிடப் பத்து மீற்றராவது கூடப் போகும் என்றால் அடியுங்கள். இல்லையென்றால் நீருக்கு அப்பால் பந்து போடும் இடம் இருக்கிறதா என்று கேட்டு, கணக்கில் ஒரு தண்ட அடி கூட்டிக்கொண்டு அங்கிருந்து தொடருங்கள்.

மணல் குழிக்குள் விழுந்தால் பதறாதீர்கள். அடிக்கும் முன் மட்டையை மணலில் ஊன்றக்கூடாது, அது தண்டம். பந்துக்கு இரண்டு விரல் பின்னால் மணலை அடித்துத் தள்ளுங்கள், பந்து மணலோடு வெளியே வரும். வீச்சை நடுவில் நிறுத்தினால் வராது. தாழ்ந்த பக்கத்தால் இறங்கி ஏறி, கிடக்கும் வாரியால் கால் தடத்தை வாரிவிட்டு வாருங்கள். இந்த விளையாட்டு ஸ்கொட்லாந்தின் கடலோர மணல் மேடுகளில் வளர்ந்தது. விவசாயத்துக்கு உதவாத, ஆடுமாடு மேய்கிற நிலம். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலத்தை விளங்கிக்கொள்வது கடினமில்லை. அங்கே சென் அன்ட்றூஸில் 22 குழியாக இருந்ததை 1764இல் 18 ஆக்கினார்கள், உலகமும் அதையே பிடித்துக்கொண்டது.

காற்று

இதில் யாழ்ப்பாணத்தாருக்குச் சற்று முன்னுரிமை உண்டு. வாடையும் கொண்டலும் சோளகமும் கச்சானும் எந்தத் திசையிலிருந்து வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கல் அன்று பட்டம் விட்டவருக்கு, தரையில் அடிக்கும் காற்றும் மேலே அடிக்கும் காற்றும் வேறு என்பதும் தெரியும். கோல்பில் தேவைப்படுவது அந்த அறிவுதான். மேட்டில் நிற்கும்போது உங்கள் சேர்ட்டில் காற்றே இல்லாதிருக்கலாம். தென்னையின் தலையைப் பாருங்கள், கொடியைப் பாருங்கள். பந்து போவது அந்த உயரத்தில்தான்.

வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். மழையில்லாத காலம் என்பதால் ஆட நல்ல பருவமும் அதுதான். ஆனால் கடலை நோக்கி அடிக்கும் குழிகளில் பந்து நினைத்ததைவிடத் தூரம் போய் நீரில் விழும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும், தை கழியும்வரை பொறுத்திருப்பது நல்லது. எதிர்க்காற்றில் பலமாக அடிப்பது எல்லாருக்கும் வரும் எண்ணம். பலமாக அடித்தால் பந்து அதிகம் சுழன்று, இன்னும் உயர எழுந்து, முன்னால் போகாமல் நிற்கும். ஒரு இலக்கம் குறைந்த மட்டையை எடுத்து மெதுவாக அடியுங்கள். பக்கக் காற்றென்றால் குறியைக் காற்று வரும் பக்கமாக நகர்த்துங்கள், வீச்சை மாற்ற வேண்டாம்.

பந்து தொலைந்தால்

மூன்று நிமிடம் தேடலாம். 2019க்கு முன் ஐந்தாக இருந்தது, இப்போது மூன்று. சிவப்பு முளை அடித்திருந்தால் தண்டப் பகுதி. பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல், ஒரு அடி தண்டத்தோடு புதிய பந்தைப் போடலாம். முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். மஞ்சள் முளையென்றால் பக்கவாட்டில் போட முடியாது; பின்னால் போக வேண்டும். வெள்ளை முளை மைதானத்தின் எல்லை. அதைத் தாண்டினால் ஒரு தண்டத்தோடு பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்க வேண்டும் என்பது விதி. சினேகித ஆட்டத்தில் யாரும் அவ்வளவு தூரம் திரும்பி நடக்க மாட்டார்கள். பந்து போன இடத்துக்கு நேரே ஃபேர்வேயில் ஒன்றைப் போட்டு இரண்டு அடி கூட்டிக்கொள்வார்கள்.

காகமோ குரங்கோ பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் தண்டமில்லை, இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்து ஆடலாம். மானுக்கும் இதே விதிதான். திருகோணமலை நகரத் தெருக்களிலேயே மான் நடமாடும் ஊர் என்பதால் வழியில் நின்றால் ஆச்சரியப்படாதீர்கள், விலகும்வரை காத்திருங்கள்.

குளத்தில் விழுந்த பந்துக்குக் கை விடாதீர்கள். முதலை இல்லை என்று கெடி சொன்னாலும் விடாதீர்கள். பற்றைக்குள்ளும் அப்படியே: மட்டையால் கிளறிப் பாருங்கள், கையை நீட்ட வேண்டாம். பாம்பின் விலை ஒரு பழைய பந்தைவிடக் கூட.

புல்தரையில் நடப்பது

கொடி நிற்கும் மெல்லிய புல்தரைதான் மைதானத்திலேயே அதிகம் பராமரிக்கப்படுகிற இடம். பையை மேலே வைக்கக்கூடாது, பக்கியைக் கிட்டக் கொண்டுவரக்கூடாது, காலை இழுத்து நடக்கக்கூடாது. பந்து விழுந்து பள்ளம் ஏற்பட்டிருந்தால், சின்ன முள்ளால் ஓரங்களை நடுப்பக்கம் தள்ளி, பட்டரின் அடியால் தட்டிச் சமப்படுத்துங்கள். எப்படி என்று கெடியிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அடுத்தவரின் பந்துக்கும் குழிக்கும் இடையே உள்ள கோட்டை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். உங்கள் பந்து வழியில் கிடந்தால், பின்னால் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு எடுங்கள். கொடியை எடுக்காமலே உருட்டலாம், 2019இலிருந்து அதற்குத் தண்டமில்லை.

வெப்ப நாட்டுப் புல் தடித்தது, ஒரு பக்கம் சாய்ந்து வளரும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால் உங்களுக்கு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து வேகமாக ஓடும். மங்கிய கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் அழுத்தி உருட்டுங்கள். கனடாவில் ஆடிப் பழகிய சித்தப்பா இதில்தான் அடிக்கடி ஏமாறுவார். அங்கே மைதானங்களில் இருப்பது குளிர்நாட்டு மெல்லிய புல்.

சத்தமும் இடியும் படமும்

ஒருவர் அடிக்க ஆயத்தமானால் பேச்சை நிறுத்துங்கள். அவருக்கு முன்னாலோ நேர்ப் பின்னாலோ நிற்காதீர்கள். முகத்தைப் பார்க்கக்கூடிய பக்கத்தில், நாலைந்து மீற்றர் தள்ளி நில்லுங்கள். உங்கள் பந்து யாரையாவது நோக்கிப் போனால் உடனே “ஃபோர்!” என்று தொண்டை கிழியக் கத்துங்கள். வெட்கப்பட நேரமில்லை. யாரோ அப்படிக் கத்துவது உங்களுக்குக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

இடி கேட்டால் ஆட்டம் முடிந்தது. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடிமழை நம் நாட்டில் கடுமையாக வரும். வெட்டவெளியில் உலோகக் கோலோடு நிற்பவரை விட வசதியான இலக்கு மின்னலுக்குக் கிடைக்காது. தனி மரத்தின் கீழ் ஒதுங்க வேண்டாம். கட்டடத்துக்குப் போங்கள்.

படம் எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. சீனக்குடாவில் விமானத் தளமும் படை முகாமும் இருப்பதால், எந்தத் திசையில் எடுக்கலாம் என்று முதலில் கேட்டுவிடுங்கள். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், கையோடு கொண்டுபோக வேண்டாம். பிள்ளைகளைப் பக்கி ஓட்ட விடாதீர்கள். நீரோரச் சரிவுகளில் அது புரண்டால் பிடித்து நிறுத்த முடியாது.

முடிந்த பிறகு

கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றி எல்லாரோடும் கைகுலுக்குவது வழக்கம். கெடியின் கூலி கட்டணத்தில் சேர்ந்திருந்தாலும், கையில் தனியாகக் கொடுப்பது முறை. எவ்வளவு என்பதை அங்கே வழக்கமாக ஆடுகிறவர்களிடம் கேட்டுக்கொண்டால் கூடவும் குறையவும் இராது. வாடகை மட்டைகளை அவர் முன்னாலேயே எண்ணி ஒப்படையுங்கள். வெட்ஜை மணல் குழி ஓரத்தில் மறந்துவிட்டு வருவது சர்வசாதாரணம். 

அன்றே ஊர் திரும்புவதாக இருந்தால் மதியச் சாப்பாட்டை நீட்ட வேண்டாம். ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா போகும் வீதியில் பொழுதுபட்ட பிறகு யானை குறுக்கே வரும். இரண்டரை மூன்று மணிக்குள் திருகோணமலையை விட்டால், வெளிச்சத்திலேயே வவுனியாவைப் பிடித்து ஏ9 வீதியில் ஏறிவிடலாம். வெயிலில் நாலு மணி நேரம் நின்றவர் வாகனம் ஓட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரிடம் சாவியைக் கொடுங்கள்.